பத்துக்குக் கீழே

தொண்ணூற்றிரண்டு புள்ளி நாலு. பல் விளக்குவதற்கு முன்னால், மூச்சையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, வெறும் ஜட்டியோடு ஏறி நின்றபோது எடை மெஷின் காட்டியது அதுதான். இறங்கி, தரை கோணலோ என்னவோ என்று காலாலேயே அதைக் குளியலறை வாசல்வரைக்கும் தள்ளிக்கொண்டுபோய் மறுபடி ஏறிப் பார்த்தபோதும் அதே தொண்ணூற்றிரண்டு புள்ளி நாலு. மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது, தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும், ஆனால் எந்தப் பக்கமாகச் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும், கூட்டியா, குறைத்தா, அதைத்தான் யோசிக்கக்கூடாது என்று, தோப்பில் நின்ற மோகனசுந்தரம் தட்டை நெஞ்சோடு அணைத்து, இடுப்பைத் திருப்பி, எறிந்தான். ஆரஞ்சுத் தட்டு யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே நேராகப் போயிற்று, போய்க்கொண்டே இருந்தது, அப்புறம் வேகம் தளர்ந்ததும் இடப்பக்கமாகச் சாய்ந்து புல்லுக்குள் இறங்கிற்று. வேகம் இருக்கிறவரைக்கும் தட்டு நாம் சொன்னபடி கேட்கும், வேகம் போனால் அது தன் சுபாவத்துக்குப் போய்விடும் என்பார் எபனேசர் சார். இந்தத் தோப்பையும் இந்த விளையாட்டையும் அவனுக்குக் காட்டிக்கொடுத்தது அவர்தான், தடாகம் ரோட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு காலேஜில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கோல்ஃப் மாதிரிதான், பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் கூடை. இடுப்பு உயரக் கம்பியில் சைக்கிள் ரிம்மை வைத்து வெல்டிங் பண்ணி, ரிம்மைச் சுற்றிச் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே ஒரு தகரக் கூடை. சங்கிலியில் பட்டுத் தட்டு கூடைக்குள் விழ வேண்டும். இப்படி ஒன்பது கூடை, தோப்பைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டர், தட்டைத் தேடி அலைவதையும் சேர்த்தால் இரண்டு. ஒருநாள்கூடத் தவறாமல் எட்டு வாரம். ஒருநாள்கூட. அதை யார் வேண்டுமானாலும் வந்து கேட்டுக்கொள்ளலாம், எபனேசர் சார் சாட்சி சொல்வார்.

சாட்சி எதற்கு, கோர்ட்டுக்கா போகிறோம். பத்து மணிக்கு ஸ்கேன், அவ்வளவுதான். ஒன்பது வாரத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு ஸ்கேன் குழாய்க்குள் படுத்தபோது அவன் தொண்ணூற்றேழு கிலோ, அவன் கல்லீரலில் கொழுப்பு இருபத்தாறு சதவீதம். பத்துக்குக் கீழே வந்தால்தான் வெட்டி எடுத்து அண்ணனுக்கு வைக்கமுடியும் என்று டாக்டர் சொன்னார், சொல்லிவிட்டு, எடை எண்பத்தஞ்சுக்கு வந்தால் கொழுப்பு தானாக இறங்கும், ஓடுங்கள் என்றார். அவன் முழங்காலில் ஜவ்வு தேய்ந்து இரண்டு வருஷமாயிற்று, ஓடமுடியாது. ரேஸ்கோர்ஸில் நாலு நாள் நடந்தான், ஐந்தாம் நாள் சுற்றுக்கு நடுவில் நின்றுவிட்டான், எல்லாரும் எதையோ துரத்துவது மாதிரி அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எபனேசர் சார், காலேஜ் நாளில் அவனுக்குக் கபடி சொல்லிக்கொடுத்தவர், பேக்கரி வாசலில் பார்த்து, தட்டெறிய வா என்றார். வந்தான். முதல் மூன்று வாரத்தில் ஐந்து கிலோ போயிற்று. தொண்ணூற்றிரண்டு. டாக்டர் கைகொடுத்தார். அதற்குப் பிறகு ஐந்து வாரமாக அந்தத் தொண்ணூற்றிரண்டு அப்படியே, கிணற்றுப் படியில் உட்கார்ந்த தவளை மாதிரி, நகரவில்லை. தட்டைத் தேடிக் குனிந்தபோது வயிறு மடிந்து மூச்சு முட்டிற்று. நிமிர்ந்தால் வியர்வை கண்ணில் எரிந்தது. தொடைகள் உரசி உரசி அந்த இடத்தில் தோல் கறுத்திருக்கிறது, அதற்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வருகிறான், இதையெல்லாம் பார்த்தால் யாருக்குமே சந்தேகம் வராது.

என்ன சந்தேகம். யாருக்கு என்ன சந்தேகம்.

இரண்டாவது கூடையில் எபனேசர் சார் மூன்றே எறியில் போட்டுவிட்டு, சங்கிலி ஆடி நிற்கும்வரை காத்திருந்து, தன் தட்டை எடுத்துத் துண்டால் துடைத்தார். அறுபத்தாறு வயது, வற்றல் மாதிரி உடம்பு. "கையால எறியாத தம்பி, எத்தனை வாட்டி சொல்லுதேன். கை சும்மா சாட்டை. இடுப்புதாம் எறியணும்," என்றார். "இடுப்பு எங்க சார் இருக்கு, அதைத்தானே தேடிட்டிருக்கேன்," என்றான் மோகனசுந்தரம். அவர் சிரித்தார். "எவ்வளவு இன்னைக்கு?" "தொண்ணூத்திரண்டு." "போன வாரமும் அதானே." "போன வாரமும் அதேதான்." அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார், கபடி மைதானத்தில் காலைப் பார்க்கிற அதே பார்வை, எந்தக் கால் பொய்க்கால் போடுகிறது என்று கண்டுபிடிக்கிற பார்வை. "சோறு கீறு அடிக்கியா ராத்திரி?" "சோறு தொட்டு ரெண்டு மாசமாச்சு சார். எங்க அண்ணி குடுக்கறதுதான். தினை, சாமை, கொள்ளு ரசம். டீக்குக்கூடச் சர்க்கரை கிடையாது, கருப்பட்டிதான்." சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டான். எபனேசர் சார் கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிக்காரர். அவர் தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு சத்தமாகவே சிரித்தார். "எங்க அப்பா கருப்பட்டி தின்னுட்டு ஒரு நாளைக்கு நாப்பது பனை ஏறி இறங்குவாரு. நீ நாலு படி ஏறி ஆபீஸ்ல உக்காந்துக்கிடுத. கருப்பட்டி போய் எங்க சேரும், தொந்தியிலதாம் சேரும். அண்ணிகிட்ட சொல்லு." "சொல்றேன் சார்." "சொல்லலையா இன்னும்?" "சொல்றேன்." அவருக்கு அடுத்த கூடை. போய்விட்டார். அவர் முதுகு பனை மாதிரி நேராக மரங்களுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான், இத்தனை சுலபமாக ஒரு மனுஷன் அதைச் சொல்லிவிட்டுப் போகமுடிகிறதே, எச்சில் துப்புகிற மாதிரி, அதை மூன்று வாரமாக வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு இவன் படுகிற பாடு.

மூன்று வாரமா, நாலு வாரமா. ஐந்தாவது வாரம் புதன்கிழமை. சரி, மூன்று வாரம். அண்ணனுக்கு அன்றைக்குத்தான் கையெழுத்து கோணிற்று. ஈரல் கெட்டால் விஷம் மூளைக்கு ஏறுமாம், அதனால் ஒவ்வொரு தடவையும் டாக்டர் ஒரு தாளைக் கொடுத்துப் பெயரை எழுதச் சொல்வார், அண்ணன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு ஆ. தண்டபாணி என்று எழுதுவான். அன்றைக்கு 'ண்ட' வரைக்கும் வந்து, பேனாவை எடுத்துவிட்டு, இவனைப் பார்த்தான். அடுத்து என்ன என்று கேட்கிற மாதிரி. மஞ்சள் பூத்த கண். அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயது, ஒரு சொட்டுக் குடித்ததில்லை, ஆனால் தெருவில் யாரும் நம்புவதில்லை, குடிக்காமல் ஈரல் எப்படிங்க போகும் என்று அண்ணியிடமே கேட்கிறார்கள், ஒளித்துவைத்துக் குடித்திருப்பார் பாருங்க என்கிறார்கள். அவன் தின்றான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். மோட்டார் வைண்டிங் கடையிலிருந்து சாயங்காலம் பேக்கரிக்குப் போவான், தேங்காய் பன்னை வாங்குவான், கையாலேயே பிய்த்துப் பெரிய பாதியை இவனுக்குக் கொடுப்பான், தேங்காய்ப் பூரணம் ஒட்டிய விரலைச் சப்பிக்கொண்டே டீ சொல்வான். பெரிய பாதி. இவன் கல்லீரலில் அறுபது சதவீதம் எடுப்பார்களாம், அதுவும் பெரிய பாதிதான், அண்ணன் பன்னில் கொடுத்ததை இவன் ஈரலில் திருப்பிக் கொடுப்பது, அடச்சீ, இந்த மனசு எதையும் விடாமல் சினிமா எடுத்துவிடுகிறது, பின்னணியில் ஒரு வயலின்தான் பாக்கி. பன் வேறு, ஈரல் வேறு. பன்னைப் பிய்க்க மயக்கமருந்து கொடுக்க வேண்டியதில்லை. பன் கொடுத்தவன் மறுநாள் காலையில் எழுந்திருப்பானா மாட்டானா என்று ஃபாரத்தில் கையெழுத்து வாங்குவதில்லை. அண்ணனிடம் இருக்கிற அதே கொழுப்புதான் இவனிடமும் இருக்கிறது, பத்து வருஷம் முந்தியும் பிந்தியும், அதாவது அந்தத் தாளில் மோ என்று எழுதிவிட்டுப் பேனாவை எடுக்கப்போகிறவன் இவன், அப்போது யார் எதைப் பிய்த்துக் கொடுப்பார்கள்.

மூன்றாவது கூடை, நாலாவது கூடை. எத்தனை எறிந்தான் என்று எண்ணவில்லை. நாலாவதில் பாதையோரம் யானைச் சாணி கிடந்தது, நேற்றையது, மேலே காய்ந்து உள்ளே ஈரமாக. அது அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு யாருக்கும் பதில் சொல்லாமல் இந்த வழியாகப் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை இருக்கிறது, கதவில் பெயர் கிடையாது, உள்ளே மேசை, இரண்டு நாற்காலி, காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று. தானம் கொடுக்கிறவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசுகிற அறை. அங்கேதான் அந்த அம்மா, ஒருங்கிணைப்பாளர் என்று கழுத்தில் அட்டை தொங்குகிற அம்மா, மெதுவான குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். மார்புக்குக் கீழிருந்து வயிற்றுப் பக்கமாக இப்படித் திரும்பும் வெட்டு, என்று தன் புடவை மேலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினாள். ஆயிரம் பேரில் இரண்டு மூன்று பேருக்கு, என்று ஆரம்பித்து, அந்த இரண்டு மூன்று பேருக்கு என்ன ஆகும் என்பதையும் சொன்னாள். பிறகு, "சார், வேண்டாம்னு தோணினா எப்ப வேணா என்கிட்ட சொல்லலாம். ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல வந்துகூடச் சொல்லலாம். காரணம் வெளிய போகாது. உங்க உடம்பு பொருந்தலைன்னு மட்டும்தான் வீட்ல சொல்லுவோம்," என்றாள். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஓரமாக நிற்கிற மாதிரி. அப்போது இவன் என்ன செய்தான், நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டான். "அவரு எங்க அண்ணனுங்க மேடம்," என்றான், தேவைக்கு அதிகமான சத்தத்தில், வெளியே உட்கார்ந்திருந்த அண்ணிக்குக் கேட்டிருக்க வேண்டும், கேட்கட்டும் என்றுதான் சொன்னானோ என்னவோ. அன்றைக்கு வெளியே வந்தபோது அண்ணி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நிமிஷம் அவன் பெரிய ஆளாக இருந்தான். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இவ்வளவும். பயமா இருக்கு என்று அந்த அறையில் சொல்லியிருக்கலாம், இரண்டே வார்த்தை, அந்த அம்மாவுக்கு அது பழகிப்போன வார்த்தையாகத்தான் இருந்திருக்கும். இப்போதும் பயம் வருகிறது, தட்டைத் தூக்கினால் வருகிறது, இறக்கினால் வருகிறது, வயிற்றின்மேல் அந்த விரல் போட்ட கோடு சில்லென்று ஊர்கிறது, மகள் மடியில் ஏறி உட்காரும்போது அந்தக் கோட்டின் மேல்தான் உட்காருகிறாள். நாலு வயது. மனைவி நித்யகலா ஒரே ஒரு தடவைதான் பேசினாள், துணி மடித்துக்கொண்டே, "நீங்க முடிவு பண்ணுங்க," என்றாள், அதற்குப் பிறகு மடிக்கிற துணியையெல்லாம் இரண்டு தடவை மடிக்கிறாள்.

அண்ணி பெயர் பூங்கோதை. நாலாவது வாரம் அவள் சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் வெள்ளரிக்காயும் வேகவைத்த முட்டையும்தான் இருந்தது, இதைத் தின்னுட்டு எங்க தம்பி எப்படி ஓடியாடும் என்று கேட்டாள். அவள் ரத்தம் அண்ணனுக்குப் பொருந்தவில்லை, மகனுக்குப் பதினெட்டு நிரம்ப ஒரு வருஷம் இருக்கிறது, கொடுக்கமுடியாத தன் உடம்புக்குப் பதிலாகத்தான் அவள் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் தூக்கிக்கொண்டு சிங்காநல்லூரிலிருந்து வடவள்ளியில் இருக்கிற இவன் வீட்டுக்கு இரண்டு பஸ் மாறி வந்தாள். வீட்டில் வெள்ளைச் சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். உடன்குடியிலிருந்து கருப்பட்டி வரவழைத்தாள். காலையில் கருப்பட்டிக் காபி, பதினோரு மணிக்குக் கருப்பட்டி போட்ட ராகிக் கூழ், சாயங்காலம் எள்ளும் கருப்பட்டியும் இடித்த உருண்டை மூன்று, தினைக்கும் கருப்பட்டி, சாமைக்கும் கருப்பட்டி, தேனில் ஊறிய நெல்லிக்காய். "எத்தனை வேணாலும் சாப்புடுங்க தம்பி, இதுல ஒண்ணும் பண்ணாதுங்க, எல்லாம் மண்ணுல வெளைஞ்சது," என்பாள். உருண்டையை அவள் உருட்டும்போது விரல் வலிப்பதை வெளியே காட்டமாட்டாள், கட்டைவிரல் மூட்டு வீங்கியிருக்கும். அவன் சாப்பிட்டான். நிஜமாகவே தெரியாமல்தான் சாப்பிட்டான், அதை யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வான், ஐந்தாவது வாரம் புதன்கிழமைவரைக்கும். அன்றைக்கு, அண்ணன் பேனாவை எடுத்துவிட்டு இவனைப் பார்த்த அதே நாள், ஒரு மணி நேரம் கழித்து, டயட் சொல்கிற சின்னப் பெண் இவன் எடையைப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்தினாள். "சார், கருப்பட்டியும் சர்க்கரைதான் சார். நிறம்தான் வேற. கல்லீரலுக்கு அது எந்த மரத்துல இருந்து வந்துச்சுன்னு தெரியாது. இதை நிறுத்தினாலே போதும், மூணு வாரத்துல இறங்கிடும். வீட்ல சொல்லிடுங்க," என்றாள். சரிங்க என்றான். எழுந்து, அவளுக்கு நன்றி சொல்லி, படியிறங்கி, வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து, ஹெல்மெட்டைக் கையில் எடுத்தான், அப்போதுதான் அது வந்தது. நெஞ்சுக்குள் காற்று. ஐந்து வாரமாக யாரோ மிதித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து காலை எடுத்த மாதிரி, ஆஹா என்று ஒரு காற்று. இதற்கு ஏன் சந்தோஷமாக இருக்கிறது என்று ஒரு கணம் அவனுக்கே புரியவில்லை. புரிந்தபோது வண்டியில் உட்கார்ந்திருந்தான், சாவி கையில் இருந்தது. சொல்லாமல் இருந்தால் போதும். ஒன்றுமே செய்ய வேண்டாம். பரோட்டாவைத் திருட்டுத்தனமாகத் தின்ன வேண்டாம், பொய் சொல்ல வேண்டாம், ஓடிப்போக வேண்டாம். அண்ணி கொடுப்பதைச் சாப்பிட வேண்டும், காலையில் தட்டெறிய வேண்டும், அவ்வளவுதான். எல்லாரும் பார்க்க, எல்லாரும் பாராட்ட, உடம்பு தானாகப் பொருந்தாமல் போய்விடும். அன்றைக்குச் சாயங்காலம் மூன்று உருண்டையையும் தின்றான். நாலாவது இருக்கா அண்ணி என்று கேட்டான். அவள் முகம் விளக்கேற்றின மாதிரி ஆயிற்று.

அந்த நாலாவது உருண்டை. அதை மட்டும் கேட்காமல் இருந்திருக்கலாம். மற்றதெல்லாம் போகட்டும்.

ஏழாவது கூடைக்குப் போகிற வழியில் தட்டு உண்ணிப்புதருக்குள் போய்விட்டது. எபனேசர் சார் முன்னாலேயே முடித்துவிட்டு, பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடவேண்டும் என்று கையசைத்துவிட்டுப் போயாயிற்று. மண்டி போட்டுக் கையை உள்ளே விட்டான். முள் கீறிற்று. இந்தப் புதரில் கண்ணாடிவிரியன் உண்டு, குச்சியால் தட்டிவிட்டுத்தான் கை வைக்கவேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார் சார். குச்சி பக்கத்திலேயே கிடந்தது. அவன் எடுக்கவில்லை. கையை இன்னும் உள்ளே விட்டான், முழங்கைவரைக்கும், தோள்வரைக்கும், கன்னம் இலையில் உரச, கண்ணை மூடிக்கொண்டு, கடித்தால் கடிக்கட்டும், பாம்பு கடித்தவனிடம் யார் ஈரல் கேட்பார்கள். விரலில் வழவழவென்று ஏதோ பட்டது. உடம்பு முழுக்க ஒரு தூக்கு தூக்கிற்று, தொண்ணூற்றிரண்டு கிலோவும் பின்னால் போய் உட்கார்ந்தது. தட்டின் விளிம்பு. வெறும் தட்டு. மூச்சு நாயினுடையது மாதிரி வாங்கிற்று, உயிர்மேல் இத்தனை ஆசை வைத்திருக்கிற ஒருத்தன் ஆஸ்பத்திரியில் நாற்காலியைவிட்டு எழுந்து நின்று என்ன பேச்சுப் பேசினான். மணி எட்டு இருக்கும். இன்னும் இரண்டு மணி நேரத்தில் அந்தக் குழாய்க்குள் போய்ப் படுக்கவேண்டும், மூச்சை இழுங்கள், நிறுத்துங்கள், விடுங்கள் என்பார்கள். பதினெட்டு வரும். அல்லது பதினேழு. ஒருவேளை ஒன்பது வந்தால். தட்டெறிந்தது பலித்து, எடை இறங்காமல் கொழுப்பு மட்டும் இறங்கியிருந்தால், அப்படியும் ஆகும் என்று எங்கோ படித்திருக்கிறான். ஒன்பது வரட்டும் என்று ஒருதரம் நினைத்துப் பார்த்தான். நினைக்க முடிந்தது, ஆனால் அதற்குள் இறங்கி நிற்க முடியவில்லை, கால் பட்ட இடமெல்லாம் சுட்டது. பதினெட்டு என்று நினைத்தான். அங்கே குளிர்ச்சியாக இருந்தது, அங்கே அண்ணன் இல்லை.

தோப்பு வாசலில் வாடகைக் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அண்ணனும் அண்ணியும் இவனையும் ஏற்றிக்கொள்வதாக நேற்றே பேச்சு. ஒன்பதாவது கூடை அந்த வாசலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவன் போய்ச் சேர்வதற்குள் அண்ணி இறங்கி, செருப்பில் ஒட்டிய இலையைக் கல்லில் தேய்த்துக்கொண்டு நின்றாள். காரின் பின்சீட்டில் அண்ணன், தலையணைக்கு மேல் தலையணை வைத்து, சாய்ந்து. வயிறு மட்டும்தான் அவனிடம் பெரிதாக இருந்தது, தண்ணீர் கோத்த வயிறு.

"முள்ளு கீறியிருக்குதுங்களே தம்பி," என்றாள் அண்ணி.

"புதர்ல தட்டு போயிடுச்சுங்க அண்ணி. ஒண்ணுமில்ல."

"எடை பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க. அதேதான்."

அவள் தலையாட்டினாள். தெரிந்ததுதான் என்கிற மாதிரி. கார்ப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நேத்து டாக்டருகிட்ட போன்ல பேசினனுங்க. இன்னிக்குப் பத்துக்குக் கீழ வரலைன்னா என்னங்க பண்றதுன்னு கேட்டேன். சாப்பாட்டுல ஏதாச்சும் தப்பு நடந்திருக்குதுன்னு தெரிஞ்சா, அதைச் சரிபண்ணிட்டு இன்னும் மூணு வாரம் பாக்கலாம், அதுவரைக்கும் அவரு தாங்குவாருன்னாருங்க. தப்பே இல்லாம இப்படி நிக்குதுன்னா, தம்பி உடம்பு வாகே அப்படித்தான், அதுக்கு மேல காத்திருந்து புண்ணியமில்லைன்னு எழுதிப்புடுவாங்களாம். பொறவு வேற ஆரும் இல்லீங்களே."

அவன் தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"அதான் உங்களைக் கேக்கறனுங்க," என்றாள். "முந்தாநாள் ஒரு சீருக்குப் போயிருந்தேன். அங்க ஒரு அம்மா சொல்லுச்சு, கருப்பட்டியும் சர்க்கரையும் ஒண்ணுதானாம், எடை போடுமாம். எனக்கு ராத்திரி பூராத் தூக்கமில்லீங்க. நானேதான் என் கையால அவருக்கு இப்படிப் பண்ணிப்போட்டனா. அந்த டயட் பொண்ணு உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லுச்சுங்களா தம்பி? மறைக்காமச் சொல்லுங்க. என்மேல தப்புன்னா நானே போய் டாக்டருகிட்டச் சொல்லிடறேன், மூணு வாரம் கேட்டு வாங்கிடறேன்."

மூணு வாரம். அவன் வாய்க்குள் இருந்தது எழுந்து பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஆமாங்க அண்ணி. இரண்டே வார்த்தை, இப்போதும் இரண்டே வார்த்தை, அதற்குப் பிறகு எப்போது சொல்லுச்சு என்று கேட்பாள், புதன்கிழமை என்று சொல்லவேண்டும், எந்தப் புதன்கிழமை என்று கேட்பாள். அவள் கண் அவன் முகத்தின்மேலேயே இருந்தது, அதில் பயம் இருந்தது, அவளும் பயந்துகொண்டுதான் நின்றாள், தான் செய்தது கொலை என்று சொல்லிவிடுவானோ என்று. அந்தப் பயத்தை எடுத்துவிடுவது எத்தனை சுலபம். அது ஒரு நல்ல காரியம் மாதிரிகூட இருந்தது. யார் பார்த்தாலும் நல்ல காரியம் என்றுதான் சொல்வார்கள்.

"உங்க சமையல்ல ஒண்ணும் தப்பில்லீங்க அண்ணி," என்றான். "அந்தப் பொண்ணு எல்லாத்தையும் எழுதி வாங்கிப் பாத்துச்சு. சரியாத்தான் இருக்குன்னுச்சு."

"நிசமாங்களா?"

"நிசமாத்தானுங்க."

அவள் நெஞ்சில் கைவைத்து மூச்சை விட்டாள். தோள் இறங்கிற்று. இரண்டு நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சாக இருக்கவேண்டும். அப்புறம், மூச்சு முழுக்க வெளியே போன பிறகு, அவன் சொன்னதற்கு இன்னொரு அர்த்தமும் இருப்பது மெதுவாக அவள் முகத்தில் வந்து ஏறிற்று. உதடு ஒருமுறை அசைந்தது. அவன் தோளில் கைவைத்து, "நீங்க என்னங்க பண்ணுவீங்க, நாள் தவறாம இந்தக் காட்டுல வந்து கெடந்தீங்க," என்றாள், சொல்லிவிட்டுக் காரைப் பார்த்து நடந்தாள்.

கார்க் கண்ணாடி இறங்கிற்று. "மோகனு," என்று கூப்பிட்டான் அண்ணன். குரல் தூக்கத்திலிருந்து வந்தது. "என்னமோ தட்டு எறியறேன் தட்டு எறியறேன்னு சொல்லிட்டே இருக்கியேடா. ஒண்ணு எறி. பாக்கலாம்."

"நேரமாச்சுங்க, போலாம்," என்றாள் அண்ணி.

"இருடி. ஒண்ணே ஒண்ணு."

மோகனசுந்தரம் திரும்பி நின்றான். கூடை நாற்பதடியில் இருந்தது. இடுப்பைத் திருப்பி, கையைச் சாட்டை மாதிரி விட்டான், இத்தனை நாளில் வராத சுத்தமான எறி அது, கையை விட்டுப் போனபோதே தெரிந்தது. அது எங்கே போய் விழுந்தது என்று அவன் பார்க்கவில்லை. காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டி அண்ணன் கைதட்டிக்கொண்டிருந்தான். சதை வற்றிப்போன கைகள், ஒன்றோடொன்று பட்டும் சத்தமே வரவில்லை. தட்டிக்கொண்டே இருந்தான். அண்ணி அந்தப் பக்கமாக ஏறி உட்கார்ந்து, அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே எடுத்து மடியில் வைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றினாள்.